ஒற்றை ஏட்டுக் காந்தம்

கந்தகம், பாஸ்பரஸ், இரும்பு என்ற மூன்று சரக்குகளையும் விருதுநகர் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. தீக்குச்சியின் தலை மருந்தில் கந்தகம் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் பூசிய மருந்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கிறது. தீபாவளி இரவில் கம்பி மத்தாப்பு பூப்பூவாய்ச் சொரிகிறதே, அந்தப் பூக்களெல்லாம் இரும்புத் தூள் எரிவதனால் உண்டாகின்றவை. நம் பக்கத்துப் பிள்ளைகள் அரிச்சுவடி கற்குமுன்பே இம்மூன்றின் மணத்தையும் நிறத்தையும் அறிந்துவிடுகிறார்கள்.

இம்மூன்றும் கூடிப் பிறக்கும் ஒரு படிகத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் புகுந்தோம். இரும்பு அணு ஒன்று, பாஸ்பரஸ் அணு ஒன்று, கந்தக அணு மூன்று என்ற கணக்கில் அமைந்த கறுத்த, பளபளப்பான படிகம் அது. அது வெடிப்பதுமில்லை, மத்தாப்பாய்ச் சொரிவதுமில்லை. காற்றை நீக்கி மூடிய குவார்ட்ஸ் குழாய்க்குள், பல நாள் கடும் உஷ்ணத்தில் வைத்து அதை வளர்க்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எந்த வீட்டுப் பிள்ளையும் அம்மியில் எதையும் கலந்து பார்க்க வேண்டாம். அப்படிக் கலந்து பார்த்ததன் பலனை நம் ஊர் ஆஸ்பத்திரிகள் போதிய அளவு கண்டிருக்கின்றன.

இந்தப் படிகம் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் போல ஒவ்வோர் ஏட்டையும் தனியே உரித்தெடுக்கலாம். ஓர் ஏட்டின் கனம், ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தனை மெல்லிய ஒற்றை ஏட்டிலும் காந்த ஒழுங்கு நிலைத்து நிற்கிறது என்று 2016-ஆம் ஆண்டில் தென் கொரிய விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். அதைக் காண அவர்கள் கையாண்ட உபாயம் ‘ராமன் விளைவு’. அந்த விளைவைக் கண்ட இருவரில் ஒருவர், இதே ஜில்லாவில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் வத்திராயிருப்பில் பிறந்தவர். கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் என்பது அவர் பெயர்.

இந்தச் சங்கதியை நாம் தெரிந்துகொண்டது நமது தவறு ஒன்றினால். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மேல் வகுப்பில் காந்தவியல் பாடம். ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம் என்றும், அக்கம்பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரே திசையில் நிற்க விரும்புகின்றன என்றும், உஷ்ணம் அவற்றைக் குலைக்கப் பார்க்கிறது என்றும் சொல்லி வந்தோம். இரும்பை 770 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் உஷ்ணம் ஜயித்துவிடுகிறது. காந்தம் அதை இழுக்காது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை இடுக்கியால் பிடித்து, பெரியவர் ஒருவர் துணையோடு அடுப்புச் சுவாலையில் நன்றாகப் பழுக்கக் காய்ச்சுங்கள். பழுத்திருக்கும்போது காந்தத்தை அருகில் கொண்டுபோனால் கம்பி அதைச் சட்டை செய்யாது. சிவப்பு மங்கி ஆறியதும் மறுபடி பழைய உறவு கொண்டாடும்.

இவ்வளவும் சரி. அதன் பிறகு ஒரு பையன், “சார், இரும்பை மெல்லிசா ஆக்கிக்கிட்டே போனா, கடைசியில ஒரே ஒரு அடுக்கு அணு மட்டும் இருந்தா, அப்பவும் காந்தம் இருக்குமா?” என்று கேட்டான். நல்ல கேள்வி. நாமோ இருபது ஆண்டுக்கு முன் சர்வகலாசாலையில் படித்ததை நினைவிலிருந்து எடுத்து, “இருக்காது. 1966-ல் மெர்மின், வாக்னர் என்ற இருவர் கணக்குப் போட்டே நிரூபித்துவிட்டார்கள்” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டோம். காரணமும் விளக்கினோம். அடுக்கு பல இருந்தால் ஓர் அணுவுக்கு மேலும் கீழும் அக்கம்பக்கமும் துணை உண்டு. ஒற்றை ஏட்டில் மேலும் கீழும் வெறுமை. ஒவ்வோர் அணுவும் தன் பக்கத்து அணுவைவிட மயிரிழை சாய்ந்து நின்றால் செலவு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மயிரிழைகள் கூடிக் கூடி, தூரத்து அணு வேறெங்கோ பார்த்து நிற்கும். ஆகவே ஒழுங்கு அழிந்துபோகும். உதாரணத்துக்கு மேஜையின் மேல் ஒரு தீக்குச்சியை நட்டுக்காட்ட முயன்றோம். அது எந்தப் பக்கமும் சாயலாம் அல்லவா? சாய்ந்தது.

பின் பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். “சார், சட்டத்துல அடுக்கினா சாயாதே?” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “எங்க ஆச்சி தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கினவங்க சார். சட்டத்துல எல்லாக் குச்சியும் நேராத்தான் நிக்கும். சட்டத்தைப் பிரிச்சாத்தான் சாயும்.”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்பார்கள். தீப்பெட்டி ஆபீஸில், இயந்திரம் வருமுன், பெண்கள் மரச் சட்டங்களில் வரிசை வரிசையாகக் குச்சிகளைச் செருகி இறுக்குவார்கள். பின்பு சட்டத்தோடு மருந்தில் தோய்ப்பார்கள். அந்தப் பெண்ணின் ஆச்சி கையால் செய்ததை இன்று பெரும்பாலும் இயந்திரம் செய்கிறது. ஆனால் சட்டத்தின் தத்துவம் மாறவில்லை.

மணி அடித்துவிட்டது. “நாளைக்குச் சொல்கிறேன்” என்று தப்பித்து வந்தோம். வீட்டுக்குப் போய்ப் பழைய குறிப்புகளைப் புரட்டியபோதுதான் நமது தவறு விளங்கிற்று. மெர்மினும் வாக்னரும் நிரூபித்தது உண்மையே. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். குட்டிக் காந்தங்களுக்கு எல்லாத் திசையும் ஒன்றாக இருக்குமானால்தான், எப்பக்கம் சாயவும் தடையில்லையானால்தான், ஒற்றை ஏட்டில் ஒழுங்கு நிற்காது. அந்த நிபந்தனையை நாம் விழுங்கிவிட்டோம். அந்தப் பெண் அதைத் துப்பச் செய்தாள்.

எல்லாத் திசையும் ஒன்றல்ல என்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கும் பழைய விடை ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஈசிங் என்ற இளைஞர், மேலே அல்லது கீழே என்ற இரண்டே திசைகள்தாம் உண்டு என்று வைத்துக்கொண்டு, வரிசையாக நிற்கும் காந்தங்களை ஆராய்ந்து 1925-ல் வெளியிட்டார். ஒற்றை வரிசையில் ஒழுங்கு நிற்காது என்று கண்டார். அது சரி. ஏடாகப் பரப்பினாலும் நிற்காது என்று ஊகித்தார். அது தவறு. 1944-ல் ஆன்ஸாகர் என்பவர் மிகக் கடினமான கணக்கொன்றைப் போட்டு, இரண்டு திசை மட்டுமே உள்ள காந்தங்கள் ஏட்டில் ஒழுங்காக நிற்கும் என்று ஐயமறக் காட்டினார். பெரியவர்களும் ஊகத்தில் தவறியிருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஓர் அற்ப ஆறுதல்.

ஆக, விஷயம் முழுவதும் சட்டத்தில் அடங்கியிருக்கிறது. படிகத்துக்குள் அந்தச் சட்டம் எது? மரமும் திருகாணியும் அங்கே இல்லை. காந்த அணுவைச் சூழ்ந்து நிற்கும் மற்ற அணுக்களின் அமைப்பே சட்டம். அவை ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் நிற்பதனால், நடுவிலுள்ள காந்தத்துக்குச் சில திசைகள் சுலபமாகவும் சில திசைகள் கடினமாகவும் ஆகிவிடுகின்றன. இதைத் திசைவேற்றுமை என்று சொல்லலாம்.

இந்தத் திசைவேற்றுமையை அளப்பதில் தம் காலத்தில் உலகுக்கே வழிகாட்டியவர்களுள் ஒருவர் நமது வத்திராயிருப்புக்காரர். இதை எழுதும்போது நம் கை சற்று வேகமாகத்தான் ஓடுகிறது.

கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தார். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போனார். ஏறக்குறைய அதே சமயத்தில், 1922-ல், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்கே போனார்கள் என்பது நாம் அடிக்கடி நினைத்து மகிழும் ஒற்றுமை. அவர்கள் கற்றுத் திரும்பியதனால் ஒரு கரிசல் பூமி பிழைத்தது. கிருஷ்ணன் கற்றதை ஊருக்கு யாரும் மூட்டை கட்டிக் கொண்டுவரவில்லை. அவர் கண்டவை அயல்நாட்டுச் சஞ்சிகைகளில் அச்சாகி, உலகெங்கும் போய், நம் ஜில்லாவுக்கு மட்டும் வராமல் இருந்துவிட்டன.

கல்கத்தாவில் ஸர் சி. வி. ராமனோடு சேர்ந்து ஒளி சிதறுவதை ஆராய்ந்தார். 1928-ல் புதிய ஒளியைப் பற்றி ‘நேச்சர்’ பத்திரிகைக்குப் போன முதல் கடிதத்தில் இருவர் பெயரும் இருந்தன. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. அதைப் பற்றிய வாதப் பிரதிவாதங்களில் நாம் இறங்கப் போவதில்லை. கிருஷ்ணன் 1928-ஆம் ஆண்டின் இறுதியில் டாக்கா சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலைதான் நமக்கு வேண்டியது.

டாக்காவில் அவர் செய்த சோதனை, பார்வைக்கு மிக எளியது. மயிரினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் ஒரு சிறு படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். படிகம் தனக்குச் சுலபமான திசை காந்தப் புலத்தோடு பொருந்துமாறு திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல் நுனியை மெள்ள முறுக்க வேண்டும். ஊஞ்சல் சங்கிலியை முறுக்கி விளையாடாத பிள்ளை உண்டா? அதே முறுக்குத்தான். இழை திருப்பப் பார்க்கிறது. படிகம் விட்டுக்கொடுக்க மறுத்து, சிறிது சிறிதாகத்தான் திரும்புகிறது. ஏறக்குறைய 45 டிகிரி திரும்பியதும் அதன் பிடிவாதம் தீர்ந்து, சட்டென்று சுழன்றுவிடுகிறது. அது சுழன்ற கணத்தில் மேல் நுனியில் எவ்வளவு முறுக்கியிருந்தோம் என்று பார்த்தால், படிகத்தின் ஒரு திசைக்கும் மற்றொரு திசைக்கும் காந்த குணத்தில் எவ்வளவு வேற்றுமை என்று கணக்கிட்டுவிடலாம். குஹா, பானர்ஜி ஆகியோருடன் சேர்ந்து இம்முறையில் அளந்தவற்றை 1933-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏடுகளில் வெளியிட்டார். பிறகு கல்கத்தா திரும்பி, முகர்ஜியுடன் மயில்துத்தப் படிகத்தை அளந்து, தாமிர அணுவைச் சூழ்ந்தவை எப்படி நிற்கின்றன என்பதோடு காந்த வேற்றுமையைப் பொருத்திக் காட்டினார். வெளியே ஓர் இழையை முறுக்கி, உள்ளே இருக்கும் சட்டத்தின் வடிவத்தை அறிந்த வித்தை அது.

ஏடு ஏடான பொருள்களிலும் அவர் கை வைத்தார். பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட் அப்படிப்பட்டது. அதில் கரி அணுக்கள் தேன்கூட்டு அறைகளைப் போல ஆறு ஆறாகக் கைகோத்து விரிந்த ஏடுகளாக இருக்கின்றன. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் பிடிப்பு மிகக் குறைவு. எழுதும்போது ஏடுகள் வழுக்கிக் காகிதத்தில் ஒட்டுவதுதான் எழுத்து. கிராபைட் இரும்பைப் போன்ற காந்தமல்ல; காந்தத்தைக் கண்டால் சற்று ஒதுங்கும் ஜாதி. அந்த ஒதுங்கும் குணம், ஏட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப் புலத்தை வைத்தால், ஏட்டோடு படிய வைப்பதைப்போல் சுமார் 40 மடங்கு இருக்கிறது. 1934 முதல் இதை ஆராய்ந்த கிருஷ்ணன், 1941-ல் கங்குலியுடன் எழுதிய கட்டுரையில், கிராபைட்டின் எலெக்ட்ரான்கள் ஏட்டுக்குள் சுதந்திரமாகத் திரிகின்றன என்றும், ஒரு ஏட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவ அவற்றுக்கு ஏறக்குறைய வழியில்லை என்றும், அவை நீள அகலம் மட்டுமே உள்ள உலகில் வாழ்கின்றன என்றும் விளக்கினார். அந்த ஏட்டைத் தனியே உரித்தெடுக்கும் உபாயம் அப்போது யாருக்கும் தெரியாது. 63 ஆண்டுகளுக்குப் பின், 2004-ல், மான்செஸ்டரில் கெய்ம், நோவோஸெலோவ் என்ற இருவர் ஒட்டும் டேப்பைக் கிராபைட்டில் ஒட்டி ஒட்டிப் பிய்த்து ஒற்றை ஏட்டை எடுத்தார்கள். 2010-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டேப் வித்தை தெரிந்ததும், ஏடாக உள்ள காந்தப் படிகங்களையும் உரிக்கலாமே என்று பலருக்குத் தோன்றிற்று. இங்கேதான் நம் ஊர்ச் சரக்கு மூன்றும் சேர்ந்த படிகம் மேடைக்கு வருகிறது. அதில் இரும்பு அணுக்களின் குட்டிக் காந்தங்கள் ஏட்டுக்குச் செங்குத்தாக, மேலே அல்லது கீழே என்றுதான் நிற்கும். சட்டம் அவ்வளவு பலமானது. ஒரு வரிசை மேலே பார்த்தால் அடுத்த வரிசை கீழே பார்க்கும். தீக்குச்சிகளை ஒரு வரிசை தலை மேலாகவும் மறு வரிசை தலை கீழாகவும் அடுக்கிப் பாருங்கள், அதுதான். இப்படி நிற்பதனால் வெளியே இழுக்கும் சக்தி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. ஊசிகூட ஒட்டாது. ஆயினும் உள்ளே ஒழுங்கு இருக்கிறது.

வெளியே காட்டிக்கொள்ளாத ஒழுங்கை, அதுவும் ஒற்றை ஏட்டில், எப்படிக் கண்டுபிடிப்பது? ஒளியை அதன்மேல் செலுத்தி, சிதறி வருவதைப் பிரித்துப் பார்த்தார்கள். அணுக்கள் அதிரும் விதத்துக்கு ஏற்ப, சிதறிய ஒளியில் கோடுகள் விழும். பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 155 டிகிரிக்குக் குளிர்வித்ததும், மேல் வரிசை, கீழ் வரிசை என்ற புது அமைப்பு பிறந்து, அதற்குரிய கோடுகள் ஒளியில் தோன்றின. கனத்த படிகத்திலும் ஒற்றை ஏட்டிலும் ஏறக்குறைய அதே குளிரில் இது நிகழ்ந்தது. 1928-ல் கல்கத்தாவில் கண்ட ஒளி, 2016-ல் இதற்குச் சாட்சி சொல்லிற்று.

இதைவிட நமக்குப் பிடித்த சோதனை 2019-ல் நடந்தது. அதே படிகத்தில் இரும்பை எடுத்துவிட்டு நிக்கலை வைத்தார்கள். நிக்கல் வைத்த படிகத்தில் சட்டம் தளர்ந்தது. காந்தங்கள் பெரும்பாலும் ஏட்டின் தளத்துக்குள் படுத்துக்கொண்டு, அங்கே திரும்பச் சுதந்திரம் உள்ளவை. கனத்த படிகத்தில் அவை இரும்புப் படிகத்தைவிட மேலான உஷ்ணத்திலேயே ஒழுங்காக நிற்கின்றன. இரண்டு ஏடு வரை உரித்தும் ஒழுங்கு நின்றது. ஒற்றை ஏடானதும் அந்த ஒழுங்கு கலைந்தது. மெர்மின், வாக்னர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பின் பெஞ்சிப் பெண் பக்கமும் நியாயம் இருக்கிறது!

வெளிப்படையாக இழுக்கும் காந்தமும் ஒற்றை ஏட்டில் உண்டு. குரோமியமும் அயோடினும் சேர்ந்த படிகத்தில் அதை 2017-ல் அமெரிக்காவில் கண்டார்கள். ஓர் ஏடு காந்தம். இரண்டு ஏடு சேர்த்தால் ஒன்று மேலும் ஒன்று கீழும் பார்த்துச் சக்தி மறைகிறது. மூன்று ஏடானால் மறுபடி காந்தம். இதை வைத்து நினைவுச் சாதனங்கள் செய்யலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஒற்றை ஏடு காந்தமாக இருப்பது பூஜ்யத்துக்குக் கீழே 228 டிகிரியில். ஈரக் காற்றுப் பட்டால் கெட்டும் போகும்.

கிருஷ்ணன் இவை எதையும் பார்க்கவில்லை. 1940-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. 1947-ல் டில்லித் தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் முதல் டைரக்டரானார். 1961-ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார். அவர் அளந்த படிகங்கள் ஒழுங்குற்ற காந்தங்களும் அல்ல. பெரும்பாலானவை புலத்தை வைத்தால் சற்று அசைந்து, எடுத்தால் மறந்துவிடுகிறவை. ஆகையால் ஒற்றை ஏட்டுக் காந்தத்தை நம் ஊர்க்காரர் அன்றே கண்டுபிடித்துவிட்டார் என்று மேடையில் யாரேனும் முழங்கினால் நாம் கை தட்ட மாட்டோம். படிகத்துக்குள் திசைக்குத் திசை வேற்றுமை உண்டு, அதைத் துல்லியமாக அளக்கலாம், அதிலிருந்து அணுக்களின் அமைப்பை அறியலாம் என்று காட்டியவர் அவர். ஒற்றை ஏட்டில் காந்தம் நிற்பதா விழுவதா என்பது அந்த வேற்றுமையின் கையில்தான் இருக்கிறது. இவ்வளவு சொன்னாலே போதும். மிகையாகச் சொல்லத் தேவையில்லாத பெருமை அது.

மறுநாள் வகுப்பில் முதற்காரியமாக, முந்தின நாள் சொன்னதில் பாதி தவறு என்று கரும்பலகையிலேயே எழுதினோம். பிறகு நான்கு சிறு நியோடிமியம் காந்தங்களைச் சதுரங்கக் கட்டம்போல் துருவம் மாற்றி மாற்றி வைத்து, அவற்றின்மேல் இதற்கென்றே தயாரித்த மெல்லிய கிராபைட் தகடொன்றை வைத்தோம். தகடு காந்தத்தைத் தொடாமல், அந்தரத்தில், நூலளவு உயரத்தில் நின்றது. பிள்ளைகள் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். “இந்தத் தகட்டின் குணத்தை அளந்தவர் எந்த ஊர் தெரியுமா?” என்று கேட்டோம். இங்கிலாந்து என்றான் ஒருவன்; அமெரிக்கா என்றான் இன்னொருவன். வத்திராயிருப்பு என்றதும், தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பையன் நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தான்.

பின் பெஞ்சிப் பெண் தகட்டின் கீழே ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “சார், அந்த ஒத்தை ஏட்டுக் காந்தமெல்லாம் அவ்வளவு குளிர்லதான் நிக்கும்னீங்களே. நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குற மாதிரி ஒண்ணு இல்லையா?”

2022-ல் சீன விஞ்ஞானிகள், இரும்பும் காலியமும் டெல்லூரியமும் சேர்ந்த படிகம் ஒன்றை மெல்லிய ஏடாக உரித்த பிறகும் அறை உஷ்ணத்தில் காந்தமாக இருப்பதைக் கண்டார்கள் என்று சொன்னோம்.

“ஒத்தை ஏடா, சார்?”

இல்லை, பல அடுக்கு சேர்ந்த ஏடு என்றோம். அவள் நோட்டுப் புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.